ஓட்டு என்ற சொல்லுக்கு ஒரு சாட்சி

முன்ஷி ஜெபசீலனுக்கு மாட்டு வண்டி ஆகாது. ஏறி உட்கார்ந்து சக்கரம் நாலு சுற்றுச் சுற்றினால் போதும், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். கல்யாணத்தன்றே பாதி வழியில் இறங்கி, மாலையும் கழுத்துமாக நடந்து மாமனார் வீடு போய்ச் சேர்ந்த மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர்தான் பாளையங்கோட்டை மிஷன் பங்களாவில் உட்கார்ந்து 'ஓட்டு' என்ற சொல்லுக்குப் பதினாலு அர்த்தம் எழுதி வைத்திருந்தார்.

எழுதியதில் தப்பொன்றும் இல்லை. அகராதி வேலை என்று வந்துவிட்டால் கப்பலைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அதற்காகக் கப்பலா வாங்க முடியும்? வில்லங்கம் வேறு இடத்தில் இருந்தது. பதினாலில் பதினோரு அர்த்தத்துக்குச் சாட்சி சொன்ன ஆள், வண்ணார்பேட்டை வண்டிக்காரன் மந்திரமூர்த்தி. வண்ணார்பேட்டையில் அப்படி ஒரு வண்டிக்காரன் கிடையாது. அவனைப் பெற்றது, வளர்த்தது, கல்யாணம் செய்து வைத்தது எல்லாம் முன்ஷிதான்.

சும்மா இருந்த மனிதர் எதற்காக ஒரு வண்டிக்காரனைப் பெற வேண்டும்? எல்லாம் அகராதி தொகுக்க வந்த வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டத்தால் வந்த வினை.

ஊரில் அவருக்கு அகராதித் துரை என்று பெயர். நம் பக்கத்தில் 'அகராதி பிடிச்சவன்' என்றால் திமிர் பிடித்தவன் என்பதை அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அந்த அர்த்தம் எழுதின சீட்டை முன்ஷி பைய எடுத்துத் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டார். துரையின் சட்டம் இதுதான்: பழைய புஸ்தகத்திலிருந்து ஒரு வரிகூட எடுக்கக் கூடாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் உயிரோடு இருக்கிற ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த வாக்கியம் வேண்டும். சொன்னவன் பெயர், ஊர், தொழில், சொன்ன தேதி, நான்கும் சீட்டில் இருக்க வேண்டும். முன்னால் இருந்த முன்ஷி சத்தியநேசன் ஒரேயொரு வாக்கியத்தை எங்கிருந்தோ காப்பியடித்துவிட்டார் என்று, காலையில் கண்டுபிடித்து மத்தியானத்துக்குள் மிஷன் வீட்டைக் காலி பண்ண வைத்தார் துரை. பாவம், அடுப்பில் கிடந்த சோற்றுப்பானையைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு போனார் அந்த மனிதர்.

அந்த வீட்டில்தான் இப்போது ஜெபசீலனும் அவர் மனைவி கெசியாவும் குடியிருந்தார்கள். அந்த அடுப்பில்தான் கெசியா சோறு பொங்கினாள். அவள் பானையைப் பார்க்கும்போதெல்லாம் முன்ஷிக்குச் சத்தியநேசனின் பானை ஞாபகம் வரும்.

வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆசை. அகராதியின் முகவுரையில் தன் பெயர் அச்சாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கெசியாவின் அண்ணன் நேசையா மிஷன் ஆபீசில் குமாஸ்தா. வருஷா வருஷம் மிஷன் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவன் பெயர் வரும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு, வீட்டுக்கு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காட்டுவான். "அச்சுல பேரு வாரது லேசுப்பட்ட காரியமா மாப்ளே?" என்று ஜெபசீலனிடமே கேட்பான். முன்ஷி சிரித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் 'பாளையங்கோட்டை முன்ஷி ம. ஜெபசீலன் அவர்கள்' என்று அச்செழுத்து மாதிரியே எழுதிப் பார்ப்பார். பிறகு கிழித்துப் போட்டுவிடுவார்.

முதல் தடவை அவர் நியாயமாகத்தான் போனார், அதைச் சொல்லியாக வேண்டும். சுதேசிக் கலகம் நடந்து வருஷம் ஒன்றுகூட ஆகாத சமயம் அது. திருநெல்வேலி முழுக்க எவன் ரகசியப் போலீஸ், எவன் நல்ல மனிதன் என்று தெரியாமல் ஜனங்கள் நிழலைப் பார்த்துப் பயந்த காலம். வண்ணார்பேட்டையில் வண்டிகள் நிற்கிற ஆலமரத்தடிக்கு, மூடிய கோட்டும் தலைப்பாகையும் கையில் நோட்டுப் புஸ்தகமுமாகப் போய் நின்றார் முன்ஷி.

"நீங்கள் எல்லோரும் உங்கள் வாயால் ஏதாவது சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னத்தவே எழுதப் போறீரு?" என்றான் ஒருவன்.

"நீங்கள் பேசுகிறதைத்தான். பேரையும் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்."

"எழுதி?"

"தேதி போட்டு, வியாழக்கிழமை துரையிடம் கொடுப்பேன்."

கேட்டீர்களா! இதற்குமேல் அந்த இடத்தில் நின்றால் மனிதன் பிழைப்பானா? "ஏலே, பிடிலே அவரை!" என்று ஒரு குரல் கேட்டதுதான் முன்ஷிக்குத் தெரியும். ஆற்றங்கரைப் படித்துறை வரைக்கும் ஓடிவந்து திரும்பிப் பார்த்தார். இடது கால் செருப்பைக் காணோம். தாமிரபரணி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் வியாழக்கிழமை. மடியில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டு.

அங்கே உட்கார்ந்து எழுதியதுதான் முதல் சீட்டு. 'ஆள்' என்ற சொல்லுக்கு மந்திரமூர்த்தி சொன்னான்: "நாலு ஆளு ஏறினா மாடு இழுக்கும், நாலு மூட்டை ஏத்தினாலும் இழுக்கும், எம் மாமியா ஒருத்தி ஏறினா இழுக்காது."

துரை அந்த வாரம் அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மேஜையைத் தட்டிச் சிரித்தார். "இந்த மனுஷன் ஜீவனுள்ள பாஷையைப் பேசுகிறான்!" என்றார். துரை தமிழை வேதபுஸ்தகத்திலிருந்து கற்றவர். தெருப் பேச்சைச் சேர்க்கக் கடல் தாண்டி வந்தவருக்குத் தெருவில் ஒரு வீசை கத்திரிக்காய் கேட்டு வாங்கத் தெரியாது.

அன்றைக்குப் பிடித்தது மூன்று வருஷம். வாரா வாரம் மந்திரமூர்த்தி பேசினான். அவனுக்கு இசக்கியம்மா என்று ஒரு பெண்டாட்டி வந்தாள், நாங்குநேரியில் மாமியார் வந்தாள், இடது பக்கம் பூட்டுகிற செவலை மாட்டுக்கு முழங்காலில் ஒரு புண் வந்தது. இசக்கியம்மா பேச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வெகுதூரம் போக வேண்டாம். கெசியா அடுப்படியிலிருந்து என்ன சொல்லித் திட்டினாலும் முன்ஷி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, சீட்டில் இறக்கிவிடுவார். 'ஓட்டு' வந்தபோது, நாளைக் கழிப்பது என்ற அர்த்தத்துக்கு இசக்கியம்மா சொன்னாள்: "உம்ம பேச்சை நம்பி ரெண்டு மாசத்தைக் கம்பங்கஞ்சியில ஓட்டியாச்சு." விரட்டுவது என்ற அர்த்தத்துக்குச் சொன்னாள்: "வத்தலைக் காயப் போட்டா காக்காய் ஓட்டக்கூட ஒரு ஆம்பளைக்கு எந்திரிக்க முடியல." குடும்பம் நடத்துவது என்ற அர்த்தத்துக்குச் சொன்னதை இங்கே சொல்ல வேண்டாம்.

கெசியா ஒருநாள் சீட்டுகளை எடுத்து வாசித்தாள். "இது முந்தாநாள் நான் உங்கள ஏசினதுல்லா?" என்றாள்.

"இசக்கியம்மாவும் அப்படித்தான் ஏசுவாளாம்" என்றார் முன்ஷி.

துரை சீட்டை வாசிப்பதோடு நிற்பவராக இருந்தால் காரியம் கெட்டிருக்காது. அவருக்கு மந்திரமூர்த்தியின் மேல் பட்சம் விழுந்துவிட்டது. "மந்திரமூர்த்தியினுடைய எருதின் கால் சொஸ்தமாயிற்றா?" என்று கேட்பார். "இன்னும் நொண்டுகிறதாம், ஐயா" என்பார் முன்ஷி. மறுவாரம் எருதின் காலில் பூசச் சீமைத் தைலம் ஒரு புட்டி வந்தது. அதைக் கெசியா தன் முழங்காலில் பூசிப் பார்த்தாள். மாட்டுக்கு என்ன ஆயிற்றோ, கெசியாவுக்குச் சொஸ்தமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு இசக்கியம்மாவுக்கென்று ஒரு சிவப்புக் கம்பளி வந்தது. மார்கழிப் பனியில் கெசியா அதைப் போர்த்திக்கொண்டு, "மகராசி இசக்கியம்மா நல்லா இருக்கட்டும்" என்பாள். முன்ஷிக்குக் கம்பளியைக் கண்டால் குளிர் அதிகமாகும்.

முதல் பாகம், அகரம் முதல் ஔகாரம் வரை, சென்னைக்கு அச்சுக்குப் போகத் தயாராயிற்று. முகவுரையைத் துரை எழுதிக்கொண்டிருந்தார். அதில் தன் பெயர் வந்ததா என்று எட்டிப் பார்க்க முன்ஷி தினமும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போவார். துரை தினமும் அதன்மேல் ஒரு கனமான புஸ்தகத்தைத் தூக்கி வைப்பார்.

ஒரு திங்கட்கிழமை துரை சொன்னார்: "முன்ஷி, இந்த அகராதியின் முதல் தாளில் ஒரு படம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். மந்திரமூர்த்தி தன் வண்டியோடும் தன் எருதுகளோடும் நிற்கிற படம். வியாழக்கிழமை நாலு மணிக்குப் படம்பிடிக்கிறவன் வருவான். நீர் மந்திரமூர்த்தியை அழைத்துக்கொண்டு வாரும்."

முன்ஷிக்கு வண்டியில் ஏறாமலேயே வயிறு புரட்டியது. "ஐயா, அவன் பரம ஏழை. கூச்சக்காரன்."

"ஆகையால்தான் அவனை நான் கனம்பண்ண விரும்புகிறேன்" என்றார் துரை. "அவன் வரக்கூடாதிருந்தால் நான் வண்ணார்பேட்டைக்கு வருவேன்."

வீட்டுக்கு வந்து முன்ஷி பாயில் குப்புறப் படுத்துவிட்டார். கெசியா விஷயத்தைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"கொன்னுருங்க" என்றாள்.

"யாரை?"

"மந்திரமூர்த்தியத்தான். வாந்தி பேதின்னு சொல்லுங்க. ஊருல இல்லாத சீக்கா?"

"சொல்லலாம். துரை அழுவாரு. பெறவு இசக்கியம்மாளைப் பார்த்து ஆறுதல் சொல்லணும்னு கெளம்பிருவாரு. அவளுக்கு மாசா மாசம் படி போடணும்பாரு. அப்ப இசக்கியம்மாளுக்கு எங்க போக?"

கெசியா கம்பளியை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆக, புதன்கிழமை காலையில் முன்ஷி மறுபடியும் வண்ணார்பேட்டை ஆலமரத்தடிக்குப் போனார். இந்தத் தடவை நோட்டுப் புஸ்தகம் இல்லை, கோட்டு இல்லை. ஓரமாக ஒரு வண்டிக்காரன் தன் மாடுகளுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். அதில் ஒன்று செவலை. அதைப் பார்த்ததும் முன்ஷிக்கு உயிர் வந்தது. அவன் பெயர் உச்சிமாகாளி. நாற்பது வயது இருக்கும், ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் மூன்று வார்த்தையை மென்று விழுங்குகிற ஆள்.

முன்ஷி பாதி உண்மையைச் சொன்னார். துரை ஒரு புஸ்தகத்துக்கு வண்டியும் மாடும் படம் எடுக்க வேண்டும் என்கிறார், வந்தால் நடைக்கூலி உண்டு, ஒரு மணி நேரம் மந்திரமூர்த்தி என்று பெயர் சொன்னால் போதும் என்றார்.

"எம் மாடும் படத்துல விழுமா?" என்றான் உச்சிமாகாளி.

"விழும்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

அவன் செவலையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தான். "அப்ப வாரேன்" என்றான். கூலி எவ்வளவு என்று அவன் கேட்கவே இல்லை. அது முன்ஷிக்கு என்னவோ போல் இருந்தது.

வியாழக்கிழமை அவன் மாடுகளை ஆற்றில் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தேய்த்து, கழுத்தில் புது மணி கட்டிக் கொண்டுவந்தான். போகிற வழியில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமே என்று முன்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நாலாவது சுற்றில் இறங்கிவிட்டார். வண்டி முன்னே போக, அவர் பின்னே ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டே பாடம் நடத்தினார்.

"உம் பொண்டாட்டி பேரு இசக்கியம்மா. ஞாபகம் வச்சுக்கிடும்."

"எம் பொண்டாட்டி மாடத்தியாக்கும். வேற ஒருத்தி உண்டுன்னு காதுல விழுந்தா என்னைய வகுந்துருவா."

"அவ காதுல விழாது. செவலைக்கு முழங்கால்ல புண்ணு இருந்துச்சு, துரை தந்த தைலத்துல ஆறிப்போச்சு."

உச்சிமாகாளி வண்டியை நிறுத்திவிட்டான். "எம் மாட்டுக்கா புண்ணு? ஒரு ஈ உக்கார விடுவனா வே நான்?"

"சரி, சரி. புண்ணு இல்ல. ஒண்ணும் பேச வேண்டாம். துரை என்ன கேட்டாலும், 'வண்டி ஓட்டுதேன் சாமி'ன்னு மட்டும் சொல்லும்."

"அது எப்பிடி?" என்றான் உச்சிமாகாளி. "நாங்க யாரும் அப்பிடிச் சொல்ல மாட்டமே. வண்டி பத்துதேன்னுதான் சொல்லுவோம். இல்லைன்னா வண்டி அடிக்கேன்னு சொல்லுவோம். ஓட்டுததுன்னா அது காக்காயை ஓட்டுதது, கோழியை ஓட்டுதது. மாட்டை எதுக்கு வே ஓட்டணும்? அது என்ன நமக்குப் பகையா?"

முன்ஷி நடுரோட்டில் அப்படியே நின்றார். மூன்று வருஷம் முன்பு, அந்த ஆலமரத்தடியில், இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் ஒரு செருப்பை இழந்தார். பதினாலு அர்த்தம் எழுதிய கை, எழுத ஒரு சீட்டு இல்லாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தது. உண்மையில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே, துரை கையில் இருக்கிற பதினோரு சீட்டும் நினைவுக்கு வந்தன.

"அண்ணாச்சி, உம்மைக் கையெடுத்துக் கும்பிடுதேன். இன்னைக்கு மட்டும் ஓட்டுதேன்னு சொல்லும்" என்றார்.

பங்களா முற்றத்தில் துரை வெள்ளைக் கோட்டுப் போட்டுக் காத்திருந்தார். படம்பிடிக்கிறவன் முக்காலிப் பெட்டியை நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். வண்டி உள்ளே வந்ததும் துரை இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மந்திரமூர்த்தியே! உம்மை முகமுகமாய்க் காணும்படி வெகுநாளாய் வாஞ்சையாயிருந்தேன். உம்முடைய மனைவியாகிய இசக்கியம்மாள் சுகமாயிருக்கிறாளா?"

உச்சிமாகாளி முன்ஷியைப் பார்த்தான். பிறகு அக்கம் பக்கம் மாடத்திக்குச் சொந்தக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். "இருக்கா" என்றான்.

"உம்முடைய மாமி?"

"செத்து ஒம்பது வருசம் ஆச்சு."

துரையின் முகம் சுருங்கியது. போன வாரச் சீட்டில்கூட அந்த மாமியார் நாங்குநேரியிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்திருந்தாள். துரை குனிந்து செவலையின் முழங்காலைத் தடவிப் பார்த்தார். ஒரு வடுகூட இல்லை. மாடு அவர் தொப்பியை முகர்ந்தது.

"நல்லது" என்றார் துரை மெதுவாக. "நீர் வண்டியில் ஏறி முற்றத்தைச் சுற்றிவாரும். என்ன செய்கிறீர் என்று உம்முடைய வாயால் சொல்லும்."

உச்சிமாகாளி முன்பலகையில் ஏறி உட்கார்ந்தான். கயிற்றைத் தொட்டும் தொடாமலும் நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தான். இரண்டு மாடும் ஒரே அடியாகக் கால் எடுத்து வைத்தன. வண்டி அலுங்காமல் நலுங்காமல் முற்றத்தைச் சுற்றி வந்தது. அதைப் பார்த்த முன்ஷிக்குத் தான் இதுவரை எழுதியதெல்லாம் வெறும் சருகு என்று தோன்றியது.

மாடுகள் அப்படி நடந்த பெருமையில் அவனுக்குப் பாடம் மறந்துபோயிற்று. "வண்டி பத்துதேன் சாமி!" என்றான் வாய் நிறைய.

"பத்துதேனா?" என்றார் துரை. "ஓட்டுதேன் அல்லவா?"

"ஓட்டுதது கோழியைல்லா சாமி."

துரை நிமிர்ந்து நின்றார். கையில் இருந்த சீட்டுக்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினோரு சீட்டும் ஒரே குரலில் பேசின. அவர் முன்ஷியின் பக்கம் திரும்பினார்.

"முன்ஷி, நீர் சொல்லும். வண்ணார்பேட்டை வண்டிக்காரர் எப்படிச் சொல்லுகிறார்கள்? பத்துதேன் என்றா, ஓட்டுதேன் என்றா?"

உச்சிமாகாளியும் வண்டியில் இருந்தபடி அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு கவலையும் இல்லை. வழியில் எல்லாம் விளக்கமாகச் சொல்லியாயிற்று, இவர் படித்த மனிதர், உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று நம்புகிற முகம்.

முன்ஷிக்குச் சத்தியநேசனின் சோற்றுப்பானை கண்முன் வந்தது. முகவுரையில் ஏறக் காத்திருக்கிற தன் பெயரும் வந்தது.

"ஓட்டுதேன் என்பதுதான் வழக்கம், ஐயா" என்றார்.

"ஆ!" என்றார் துரை. அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நான் முந்தியே சந்தேகித்தேன். இவன் மந்திரமூர்த்தி அல்ல! இவன் வண்டிக்காரனே அல்ல! யாரோ ஒரு வஞ்சகன் உம்மை ஏமாற்றியிருக்கிறான். முன்ஷி, நீர் கபடில்லாதவர்."

"நான் வண்டிக்காரன் இல்லையா?" என்றான் உச்சிமாகாளி. துரையைப் பார்த்து அவன் கேட்கவில்லை. "வே, நீரு சொல்லும். நான் வண்டிக்காரன் இல்லையா?"

முன்ஷி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

படம்பிடிக்கிறவன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, வெயில் இறங்குகிறது, இன்னும் கால்மணி நேரம் போனால் படம் விழாது என்றான். துரை தவித்துப்போனார். நாளைக் காலை ரயிலில் படம் சென்னைக்குப் போக வேண்டும். உண்மையான மந்திரமூர்த்தி எங்கே? நாங்குநேரியில் மச்சினனுக்குக் கல்யாணம், அங்கே போயிருப்பான் என்று முன்ஷி சொல்லிவைத்தார். அந்தப் பொய் எத்தனையாவது என்று அவருக்கே தெரியாது.

துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். "அவன் எப்படியிருப்பான்?"

"என் உயரம்தான் ஐயா. என் நிறம்தான்." வேறு யாரைப் பார்த்துப் படைத்தார் அவர், பாவம்!

"அப்படியானால் நீர் அந்த வண்டியின்மேல் ஏறும்" என்றார் துரை. "படம் ஒரு உதாரணம் மாத்திரமே. உதாரணத்தில் பொய் இல்லை."

ஒரு வாக்கியத்தைக் காப்பியடித்ததற்காக ஒரு குடும்பத்தை மத்தியானத்துக்குள் தெருவில் நிறுத்திய அதே வாய் இது.

முன்ஷியின் தலைப்பாகையைக் கழற்றி, தோட்டக்காரனின் துண்டைத் தலையில் கட்டினார்கள். சட்டையை உரித்தார்கள். உச்சிமாகாளி இறங்கித் தள்ளி நின்றான். மாடு படத்தில் விழ வேண்டும் என்பதற்காக மட்டும் நின்றான். முன்ஷி முன்பலகையில் ஏறிக் கயிற்றைப் பிடித்தார். பழக்கமில்லாத கை என்று செவலைக்குத் தெரிந்துவிட்டது. அது ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே வைத்தது. சக்கரம் அசைந்தது. வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்த அந்தக் கணத்தில் படம்பிடிக்கிறவன் மூடியைத் திறந்தான்.

எட்டு மாதம் கழித்துப் புஸ்தகம் வந்தது. துரை தம் கையாலேயே ஒரு பிரதி கொடுத்தார். முன்ஷி அதை வேட்டிக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நேசையாவும் வந்திருந்தான். கெசியா கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் பிரித்தாள்.

முதல் தாளில் படம். நல்ல தெளிவான படம். இரண்டு மாடும் ராஜா மாதிரி நின்றன. முன்பலகையில் ஒரு மனிதன் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணைச் சொருகி, வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தான். கீழே அச்சில் போட்டிருந்தது: 'வண்ணார்பேட்டை வண்டிக்காரன் மந்திரமூர்த்தி. நெடுநாள் உழைப்பின் வேதனை இவன் முகத்தில் எழுதியிருக்கிறது.'

முகவுரையை நேசையா உரக்க வாசித்தான். அச்சுக்கோத்தவர்களுக்கு நன்றி சொல்லியிருந்தது. மந்திரமூர்த்திக்கு ஒன்றரைப் பக்கம் நன்றி. இசக்கியம்மாளுக்கு ஒரு பத்தி. எருதுகளுக்கு ஒரு வரி. கடைசியில், 'சீட்டுகளைச் சுத்தப் பிரதி எடுக்க ஒரு முன்ஷி உதவினார்.'

"யாரு மாப்ளே அந்த முன்ஷி? பேரு போடலையே" என்றான் நேசையா.

ஜெபசீலன் புஸ்தகத்தை வாங்கி, தன் கண்ணாலேயே அந்த வரியை நாலு தடவை வாசித்தார். 'ஒரு' என்றுதான் போட்டிருந்தது. கெசியா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மூஞ்சியாவது வந்துச்சு" என்றாள் கடைசியில். "பேசினது பூரா நானு. எனக்கு அதுவும் இல்ல." சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் முன்ஷிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேலை நிலைத்துவிட்டது. வீடும் நிலைத்துவிட்டது. இரண்டாம் பாகத்துக்குச் சீட்டு சேர்க்கச் சொல்லி உத்தரவும் வந்தது. ககரத்தில் ஆரம்பித்து மந்திரமூர்த்தி நிறையப் பேச வேண்டும் என்று துரை கேட்டுக்கொண்டார். ஒரு கட்டு வெற்றுச் சீட்டோடு முன்ஷி மறுநாள் சாயங்காலம் ஆற்றங்கரைக்கு நடந்தார். ஆலமரத்தடியில் இருந்த காப்பிக் கடையில் ஒரு படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. துரை அன்பளிப்பாக மந்திரமூர்த்தி பேருக்கு வண்ணார்பேட்டைக்கு அனுப்பியது. அந்தப் பேரில் ஆள் இல்லாததால், மாட்டைப் பார்த்து, இது உச்சிமாகாளியுடையது என்று தபால்காரன் அவனிடம் கொடுத்திருந்தான். படத்துக்கு அவன் பூப் போட்டிருந்தான். பூ சரிந்து, முன்பலகையில் இருந்தவனின் முகத்தைச் சரியாக மறைத்துக்கொண்டு தொங்கியது.

வெளியூர்க்காரர் ஒருவர் காப்பி குடித்துக்கொண்டே, "மாடு நல்லா இருக்கே. யாருது?" என்று கேட்டார்.

"எம் மாடு" என்றான் உச்சிமாகாளி.

"மேல இருக்கது யாரு? நீரா?"

"நான் வண்டிக்காரன் இல்லையாம்" என்றான் அவன். "அது யாருன்னு எனக்கும் தெரியல அண்ணாச்சி. பேரு மட்டுந்தான் தெரியும்."

முன்ஷி தலையைக் குனிந்துகொண்டு, கடையைத் தாண்டி வேகமாக நடந்தார். பத்தடி போயிருப்பார். பின்னாலிருந்து உச்சிமாகாளி, கோபம் இல்லாத சாதாரணக் குரலில் கூப்பிட்டான்.

"வே, மந்திரமூர்த்தி!"

ஜெபசீலன் திரும்பிப் பார்த்தார்.